கணக்கெடுக்க வருபவரைக் கண்டு ஷட்டரை இறக்காதீர்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வியாபாரம் சூடாக நடந்து கொண்டிருக்கும் நேரத்தில் கையில் டேப்லெட்டோடு ஒருவர் கடை வாசலில் வந்து நிற்கிறார். "புள்ளியியல் அலுவலகத்திலிருந்து வருகிறேன். கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? போன மாதம் கொள்முதல் எவ்வளவு? கரண்ட் பில் எவ்வளவு? இன்டர்நெட் உபயோகிக்கிறீர்களா? கடன் பாக்கி உண்டா?" என்று வரிசையாகக் கேட்கிறார். நம் பாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? "முதலாளி ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார்கள். சொல்பவர் யார்? முதலாளியேதான்! (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். உங்களில் பலருக்கு இது பழக்கமான காட்சி என்பது சிரிப்பிலேயே தெரிகிறது. இந்த ஒரு பதிலால் என்ன நடக்கிறது, யாருக்கு நட்டம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தத் தயக்கத்துக்கு இரண்டு பயங்கள் காரணம். ஒன்று வரி பயம். இவரிடம் சொன்னால் நாளைக்கு ஜி.எஸ்.டி. அதிகாரி வந்து நிற்பார் என்ற எண்ணம். இது எல்லாச் சமுதாய வணிகர்களுக்கும் உள்ள பயம். இரண்டாவது நமக்கே உரியது. பெயரைக் கேட்டு, குடும்பத்தைக் கேட்டு எழுதிக் கொண்டு போனால் நாளை "நீ இந்த நாட்டுக்காரனா?" என்று கேட்கவே இந்தக் கணக்கு என்ற பயம். இந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது நாடே தெருவுக்கு வந்ததைப் பார்த்தோம். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நெஞ்சு படபடத்தது.

ஆனால் அந்தப் பயம் எங்கே கொண்டு போய் விட்டது என்பதையும் பாருங்கள். 2020 ஜனவரியில் ராஜஸ்தான் மாநிலம் கோட்டாவில், பொருளாதாரக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் சென்ற ஒரு பெண்ணைக் குடியுரிமைக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துத் தாக்கினார்கள். தாக்கப்பட்டவர் ஒரு முஸ்லிம் சகோதரி! அதே மாதம் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் ஓர் இளம்பெண்ணின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அந்தச் சகோதரியும் முஸ்லிம்தான். வயிற்றுப் பிழைப்புக்காகக் கணக்கெடுக்கப் போன நம் பிள்ளைகள் நம் கையாலேயே அடிபட்டார்கள் என்றால், எந்தக் கணக்கு எது என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு மேடையில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கிறதா, இல்லையா?

பிரித்துச் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு. வாக்காளர் பட்டியல் வேறு. நான் பேசுவது தொழில்களைப் பற்றிய கணக்கு. தொழிற்சாலையாகப் பதிவான ஆலைகளுக்கு "ஆண்டு தொழிற்சாலைக் கணக்கெடுப்பு" என்று ஒன்று உண்டு. 1960லிருந்து நடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு டேனரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மளிகைக்கடை, ஜவுளிக்கடை, டீக்கடை, ஒர்க் ஷாப், தையல் மிஷின் போன்ற சிறு தொழில்களுக்கு "பதிவு பெறாத துறை நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கெடுப்பு" என்று வேறொன்று. இவை இரண்டையும் நடத்துவது மத்தியப் புள்ளியியல் அமைச்சகம். மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கும் இந்த வேலைகளில் பங்கு உண்டு.

வரி பயத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், கொடுத்த விவரத்தைப் புள்ளிவிவரத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆண்டு தொழிற்சாலைக் கணக்கெடுப்பு இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. பதில் சொல்ல மறுத்தால் தனி நபருக்கு 1,000 ரூபாய் வரை, கம்பெனிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிறு கடைகளின் கணக்கிலும் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்படும் தரவில் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்கும்.

அதற்காக டேப்லெட்டோடு வருகிற எல்லோரையும் நம்பி விடாதீர்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். அலுவலகக் கடிதத்தைக் கேளுங்கள். சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது, விசாரித்துக் கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்பவன், ஏ.டி.எம். ரகசிய எண் கேட்பவன் கணக்கெடுக்க வந்தவன் அல்ல, கல்லாவைத் துடைக்க வந்தவன்!

உங்கள் ஒரு கடையின் கணக்கு எதற்கு என்கிறீர்களா?

நாட்டில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் இவர்கள் போவதில்லை. சில கிராமங்களையும் சில நகர வட்டாரங்களையும் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். அங்குள்ள தொழில்களைப் பட்டியல் போட்டு, அதிலிருந்து சிலவற்றை மீண்டும் குலுக்கி எடுக்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து 2024 செப்டம்பர் வரை நடந்த கணக்கெடுப்பில் விவரம் வாங்கியது ஏறக்குறைய 5 லட்சம் நிறுவனங்களில். அதை வைத்து நாட்டில் 7.34 கோடி சிறு நிறுவனங்கள், அவற்றில் 12.06 கோடி பேருக்கு வேலை என்று மதிப்பிட்டார்கள். வகுத்துப் பாருங்கள். உங்கள் கடை சராசரியாக 150 கடைகளுக்காகப் பேசுகிறது! நீங்கள் நான்கு பேர் வேலை செய்யும் கடையில் இரண்டு பேர் என்று சொன்னால், உங்களைப் போன்ற 150 கடைகளில் பாதித் தொழிலாளர்கள் காணாமல் போகிறார்கள்.

காணாமல் போனால் என்ன? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. ரொக்கத்தில் நடந்த நம் வியாபாரம் எந்தப் பாடுபட்டது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாட்டின் வளர்ச்சிக் கணக்கில் அந்த அடி சரியாக விழவில்லை. சிறு தொழில்களை ஆண்டுதோறும் நேரில் போய்க் கணக்கெடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. 2010-11ல் எடுத்த கணக்கை அடிப்படையாக வைத்து, மற்ற இடங்களில் கிடைத்த அடையாளங்களைக் கொண்டு அதை நீட்டிக் கொண்டே போனார்கள். பெரிய கம்பெனி ஓடினால் சின்னக் கடையும் ஓடியிருக்கும் என்று கணக்குப் போடுவது போன்றது இது என்று பொருளாதார அறிஞர்கள் பலர் அப்போதே கண்டித்தார்கள்.

உண்மை எப்போது தெரிந்தது? 2015-16ல் எடுத்த கணக்கில் 6.34 கோடி சிறு நிறுவனங்கள், 11.13 கோடி பேருக்கு வேலை. 2021-22 கணக்கில் 5.97 கோடி நிறுவனங்கள், 9.79 கோடி பேர். இடையில் நோட்டுத் தடை, ஜி.எஸ்.டி., கொரோனா மூன்றும் வந்து போயின. முப்பத்தேழு லட்சம் தொழில்கள் குறைந்து போயின, ஒரு கோடியே முப்பத்து நான்கு லட்சம் பேரின் வேலை இல்லாமல் போயிற்று. இதன் விவரங்கள் மக்கள் பார்வைக்கு வந்தது 2024ல்! ஆறேழு ஆண்டுகள் கழித்து மரணச் சான்றிதழ் கொடுத்தது போல. அன்றைக்கே இந்த எண் கையில் இருந்திருந்தால், நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆயுதமாக இருந்திருக்கும்!

சச்சார் கமிட்டி அறிக்கையை மேடைதோறும் நாம் காட்டுகிறோம். 2006 நவம்பரில் வந்த அந்த அறிக்கை, முஸ்லிம் ஆண் தொழிலாளர்களில் 12 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தெருவோர வியாபாரம் செய்கிறார்கள், தேசிய சராசரி 8 சதவீதத்துக்கும் குறைவு என்று எடுத்துச் சொன்னது. நீதிபதி சச்சார் இந்த எண்களை எங்கிருந்து எடுத்தார்? 2001 மக்கள்தொகைக் கணக்கு, 2004-05 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு போன்றவற்றிலிருந்துதான். யாரோ ஒரு தள்ளுவண்டிக்காரர், யாரோ ஒரு தையல்காரர், வந்து கேட்டவரிடம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அவர் சொன்ன பதில் அறிக்கையாக வந்து, இன்று நம் கையில் ஆதாரமாக இருக்கிறது. 2013ல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பிலோ உரிமையாளரின் மதத்தையே கேட்டு எழுதினார்கள்.

அரசு மட்டும் யோக்கியமா என்று ஒரு சகோதரர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. 2017-18ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கை வெளியிட மாட்டோம் என்று 2019ல் அறிவித்தார்கள். 2019ல் தொடங்கிய ஏழாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, ஆண்டுகள் பல கடந்தும் நாட்டுக்கு ஒரு முடிவைத் தரவில்லை. இதையெல்லாம் நாம் தட்டிக் கேட்க வேண்டும். ஆனால் ஷட்டரை இறக்கி விட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் எந்த முகத்தோடு கேட்பான்?

"எனக்குக் கணக்கே கிடையாது, தோராயமாகத்தான் தெரியும்" என்று சிலர் சொல்கிறார்கள். பாய், உங்களுக்கா கணக்குத் தெரியாது? ரமளான் வந்தால் ஜகாத்துக்காகச் சரக்கிருப்பு, கையிருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் என்று நான்கையும் எழுதிக் கொண்டு எங்களிடம் மஸ்அலா கேட்க வருகிறீர்கள். அந்தக் கணக்கையே மாதா மாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எரிபொருள் பற்றிய கேள்வியைத்தான் நம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள். ஆலைகளின் படிவத்தில் வாங்கிய மின்சாரம் தனி, சொந்தமாகத் தயாரித்த மின்சாரம் தனி, டீசல் தனி, நிலக்கரி தனி, எரிவாயு தனி. ஏன் இவ்வளவு பிரிக்கிறார்கள்? 2008லிருந்து சில ஆண்டுகள் தமிழகம் மின்வெட்டில் தவித்ததே, அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே லாபத்தைத் தொலைத்த ஆலைக்காரர்கள் எத்தனை பேர்! அந்தச் செலவை "இதர செலவு" என்று ஒரே வரியில் போட்டால், மின்வெட்டு சிறு ஆலையிடமிருந்து எவ்வளவு பறித்தது என்பது எந்த அமைச்சருக்கும் தெரியாது. வாடகைக் கடைக்காரர்களே, கரண்ட் காசு வாடகையோடு சேர்ந்திருந்தால் அதையும் விளக்கமாகச் சொல்லுங்கள்.

"தொழில்நுட்பம் எதுவும் இல்லை" என்று சொல்வதும் இப்படித்தான். கடை வாசலில் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, கேட்டால் "நமக்கு எதற்கு இன்டர்நெட்" என்று பதில். 2023-24 கணக்குப்படி சிறு நிறுவனங்களில் 26.7 சதவீதம்தான் தொழிலுக்கு இணையத்தைப் பயன்படுத்துகின்றன. முந்தைய ஆண்டு 21.1 சதவீதம். இதில் எத்தனை பேர் தெரியாமல் "இல்லை" என்றார்களோ!

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்போடு சேர்ந்து உற்பத்தித் துறையில் புத்தாக்கம் பற்றி 2021-22ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதில் சொன்னதில், நான்கில் ஒரு பங்குதான் புதிதாக ஏதேனும் செய்ததாகச் சொன்னது. தமிழகத்தில் சுமார் 32 சதவீதம். புத்தாக்கம் என்றால் ராக்கெட் விடுவது என்று நினைக்கிறோம். இந்த வகைக் கணக்குகளில் அது உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அந்த நிறுவனத்துக்குப் புதிதாக, முன்பைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடாக இருந்தால் போதும். விறகு அடுப்பை மாற்றி வேறு முறையில் ரொட்டி சுடும் பேக்கரி, குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய டேனரி, இவையெல்லாம் புத்தாக்கம்தான். செய்ததைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மஹல்லாவில் கணக்கெடுப்பாளர் வந்தால் கூட்டம் சேர்ந்து சூழ்ந்து நிற்காதீர்கள். ஒருவர் மட்டும் போய் அடையாள அட்டையைப் பார்த்து, எந்தக் கணக்கெடுப்பு என்று கேட்டு, ஜமாஅத் தலைவரிடம் சொல்லி, கடைக்காரர்களுக்கு விளக்குங்கள். பட்டதாரிப் பிள்ளைகள் இந்த அலுவலகங்களின் தேர்வுகளை எழுதுங்கள். கணக்கெடுக்கும் பக்கத்திலும் நம் பிள்ளைகள் நிற்கட்டும்.

இன்னொன்று, வீடுகளைப் பற்றி. உங்கள் வீட்டில் ஒரு சகோதரி மிஷினில் தைக்கிறார், இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார், மசாலாப் பொடி அரைத்து விற்கிறார். மாதம் ஒரு குடும்பம் அதில் சாப்பிடுகிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்டால் கணவர் சொல்கிறார்: "அவங்க சும்மாதான் வீட்டில் இருக்காங்க!" தனியார் உரிமையில் நடக்கும் சிறு நிறுவனங்களில் பெண்கள் நடத்துபவை 2022-23ல் 22.9 சதவீதமாக இருந்து 2023-24ல் 26.2 சதவீதமாகின. நம் தெருக்களில் நடக்கும் தையலும் சமையலும் அதில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? உரிமையாளர் யார் என்று கேட்கும்போது அந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லுங்கள். மீதிக் கேள்விகளுக்குத் திரைக்குப் பின்னாலிருந்தாவது அவரையே பதில் சொல்ல விடுங்கள். மாவு எத்தனை கிலோ, சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, எந்தக் கடைக்காரர் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.