மூங்கில் கோலின் இரு முனைகள்

தில்லைத் திருநகரில் மண்கலம் வனைந்து, சிவனடியார்க்குத் திருவோடு அளிப்பதையே தொண்டாகக் கொண்டவர் திருநீலகண்ட நாயனார். நஞ்சுண்ட கண்டத்தின் பெருமையை ஓயாது போற்றியமையால் அதுவே அவர் பெயராயிற்று. சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் தில்லைவாழ் அந்தணரை அடுத்து இவரையே வைத்தார்.

இத்தகைய அடியவரும் ஒருநாள் பரத்தையின் இல்லம் சென்று மீண்டார். சேக்கிழார் பெருமான் இதனை மறைக்கவில்லை. அம்மையார் ஊரைக் கூட்டவில்லை; இல்லத்துப் பணிகளில் ஒன்றையும் குறைக்கவுமில்லை. ஊடல் தீர்க்கக் கணவர் நெருங்கியபோது மட்டும், தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணையில் 'என்னை' என்னாது 'எம்மை' என்றார். அந்தப் பன்மையை உணர்ந்த நாயனார், பெண்டிர் எவரையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என உறுதி பூண்டார். மனைவி சினந்து சொன்ன சொல்லை இத்துணைக் கூர்ந்து கேட்ட கணவர் அரியர்.

இருவரும் ஒரே இல்லத்தில் இருந்தே இளமை கழிந்து மூப்பெய்தினர். அயலார் அறியவில்லை. அதன் மாண்பைப் போற்றியவுடன் கதையை மேலே நகர்த்துவோர் பலர். எனினும் அச்சிறு வீட்டில் உணவு பரிமாறிய கைக்கும் உண்ட கைக்கும் இடையே நாள்தோறும் நின்ற தொலைவு சிறிதன்று. அன்பு குறையவில்லை, பிழை பேசித் தீர்க்கப்படவுமில்லை.

அத்தொலைவை அறிந்தவன் இறைவன் ஒருவனே. சிவயோகியாராய் வந்து திருவோடு ஒன்றைக் கொடுத்து, பின் அதனை மறையச் செய்தான். வேறு ஓடு தருவதாகச் சொல்லியும் ஏற்கவில்லை. களவாடவில்லையெனில் மைந்தன் கைப்பற்றிக் குளத்தில் மூழ்குக என்றான். மைந்தன் இல்லை எனவே, மனைவியின் கைப்பற்றி மூழ்குக என்றான். வழக்கு ஓட்டைப் பற்றியது. யோகியார் கேட்டதோ கையை! தில்லைவாழ் அந்தணர் அவையும் அவ்வாறே செய்யப் பணித்தது.

மூங்கில் கோலின் ஒரு முனையை நாயனாரும் மறுமுனையை அம்மையாரும் பற்றித் திருப்புலீச்சரத் திருக்குளத்தில் இறங்கினர். யோகியார் விடவில்லை, கையையே பற்றுக என்றார். அப்போதுதான், இத்தனை ஆண்டும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்ததை, ஊரார் கேட்கத் தம் வாயால் நாயனார் உரைத்தார். அம்மையார் மறுமுனையை விடாது நின்றார்.

மூழ்கி எழுந்த இருவரும் மூப்பு நீங்கியிருந்தனர். உமையொடு விடைமேல் தோன்றிய இறைவன், அவ்விளமை நீங்காது தம்மிடம் இருக்குமாறு அருளினான். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என வழங்குவது அத்தலமே. நாயனாரின் குருபூசை தை விசாகம்.