விஸ்துலா நதியின் "அற்புதம்"



போலந்து தேசம் 123 வருஷம் அந்நியர்களால் பங்கு போடப்பட்டுக் கிடந்து, 1918-ல் விடுதலையடைந்தது. 1920 ஆகஸ்டில் சோவியத் சேனை அதன் தலைநகரான வார்சாவின் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் வந்த சேனையே தோற்றுத் திரும்பிற்று. உடனே, "ஆகஸ்டு 15 மாதா திருநாள், இது விஸ்துலா நதிக்கரையில் மாதா செய்த அற்புதம்" என்றார்கள். அப்படியானால் அந்த 123 வருஷமும் மாதா எங்கே போயிருந்தாள்?

நடந்தது என்ன? சோவியத் தளபதிகள் சங்கேத பாஷையில் கம்பியில்லாத் தந்தி அனுப்பி உத்தரவிட்டு வந்தார்கள். அதை அவிழ்க்க 1919-லேயே யான் கோவலெவ்ஸ்கி என்ற இளம் அதிகாரி ஒரு பிரிவு அமைத்து, மாசுர்கீவிச், ஷெர்பின்ஸ்கி, லெஸ்னியெவ்ஸ்கி என்னும் சர்வகலாசாலை ஆசிரியர்களின் உதவியைப் பெற்றார். கணக்கும் தர்க்கமும் கற்ற மூளைகள் அவை! எதிரி எங்கேயிருக்கிறான், எங்கே போகிறான் என்பது சேனாதிபதி பில்சுட்ஸ்கிக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

சிப்பாய்களின் வீரத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இரவு பகலாய் அவிழ்த்தவர்களின் வேலையோ இரகசியம். பல பத்தாண்டு அது வெளியே தெரியவில்லை. அதனால் பெயர் மாதாவுக்குப் போயிற்று.

ஆதலால் தோழர்களே, எவனாவது "அற்புதம்" என்றால், அதற்குள் யாருடைய உழைப்பு மறைந்து கிடக்கிறது என்று கேளுங்கள்.