செயற்கைக் கோளும் மாணவர் கட்டுரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

செயற்கைக் கோள்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதத் திட்டமிடுவது எங்ஙனம் என்று பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் ரயில்வேயில் எழுத்தன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. விண்வெளி விஞ்ஞானம் கற்பிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவேடும் கால அட்டவணையுமாக வாழ்பவன் ஆதலால், ஒரு பணியை எங்கே தொடங்கி எந்நாளில் முடிப்பது என்பது பற்றிச் சில சொற்கள் சொல்லத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பு மாணவர் மூவர் இதே பொருளில் தனித்தனியே கட்டுரை கொடுத்தனர். மூன்றிலும் ஒரே சொற்கள், ஒரே படங்கள். ஆசிரியர் மூன்றையும் திருப்பிவிட்டார். அவர்களுள் ஒருவன் மெய்யாகவே கம்பியும் வானொலியுமாக இரவெல்லாம் கண்விழிப்பவன். மாவட்டக் கண்காட்சிக்குப் போகும் வாய்ப்பு அவனுக்கும் போயிற்று. மாற்றல் உத்தரவின்பின் ஊர் ஊராகச் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வார் எவருமில்லை. அவர்கள் கையெழுத்தில் உள்ள தாளே அவர்களுக்குச் சிபாரிசு.

பிழை பிள்ளைகளுடையது மட்டுமன்று, தலைப்பினுடையதும் ஆகும். 'செயற்கைக் கோள்கள்' என்று தலைப்பிட்டால் 1957 முதல் இன்று வரை உள்ள யாவற்றையும் இருபது பக்கத்தில் அடக்க வேண்டும். அதற்குப் படியெடுப்பதன்றி வேறு வழி ஏது? கேள்வியைச் சிறிதாக்குங்கள், ஒரே வாக்கியத்தில் அடங்கட்டும்.

சிறு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. குறுக்களவு 58 சென்டிமீட்டர், எடை 83.6 கிலோ, 96 நிமிடத்திற்கு ஒரு முறை உலகைச் சுற்றியது. உலகம் முழுவதும் வியந்து நின்றபோது, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்னும் இரு இளைஞர், அதன் ஒலிக்குறிப்பின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் அளந்தனர். நடைமேடையில் நில்லாமல் போகும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்கும்போது உச்சமாகவும் கடந்தபின் தாழ்ந்தும் கேட்பதை ரயில்வேக் குடியிருப்பில் கைக்குழந்தையும் அறியும். அதே மாற்றந்தான். அதைக் கொண்டே கோளின் பாதையைக் கணித்துவிட்டனர். 1958இல் அவர்களுடைய தலைவர் மக்ளூர் அதைத் திருப்பிக் கேட்டார்: கோளின் பாதை தெரிந்தால், கேட்பவன் நிற்கும் இடம் தெரியாதா? அக்கேள்வியிலிருந்து கப்பல்களுக்கு வழிகாட்டும் டிரான்சிட் கோள்கள் பிறந்தன. இன்று நம் எஞ்சின்கள் பலவற்றில் இருப்பிடம் அறிவிக்கும் கருவி இருக்கிறதே, அதன் குலமுதல்வர் அவையே எனலாம்.

நமக்கேற்ற கேள்வி ஒன்றும் கூறுகிறேன். இங்கே டெல்லியில் மாடிதோறும் உள்ள தொலைக்காட்சித் தட்டு சற்று நிமிர்ந்து நிற்கிறது. திருநெல்வேலியில் அதுவே வானை நோக்கி மல்லாந்து கிடக்கிறது. ஏன்? ஒளிபரப்புக் கோள் நம் தலைக்கு மேல் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் நிற்பதுபோல் தோன்றுகிறது. கிழக்கு 83 பாகை நெடுக்கோட்டில் நிற்கும் கோளைக் கொண்டு கணக்கிட்டால், அடிவானிலிருந்து டெல்லியில் 56 பாகை உயரம், திருநெல்வேலியில் 78. வேறுபாடு 22 பாகை. இரண்டு ஊர்களின் அகலக்கோட்டு வேறுபாடோ ஏறக்குறைய 20 பாகைதான். துருவ விண்மீனை அளந்தால் அந்த 20தான் கிடைக்கும். மிகுதி எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதே கட்டுரையின் உயிர். விண்மீனைப் போலக் கோள் எட்டாத் தொலைவில் இல்லை என்பது அங்கே புலப்படும்.

எச்சரிக்கை ஒன்று. தட்டின் முகம் கோளை நேராக நோக்குவதில்லை. அலைவாங்கும் முனை கீழ்ப்புறக் கையில் இருப்பதால், முகம் இருபது பாகைக்கும் மேலாகத் தாழ்ந்தே இருக்கும். ஆனால் ஒரே அமைப்புள்ள தட்டுகளில் இத்தாழ்வு ஒன்றே; வேறுபாட்டைக் கெடுக்காது. நிறுவனத்துக்கு நிறுவனம் கோள் வேறாகலாம் ஆதலின், இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனத்தின் தட்டையே அளக்க வேண்டும். ஒரு பாகை பிசகினும் விடை கலங்குமாதலால் ஊருக்குப் பத்துத் தட்டேனும் அளந்து சராசரி காணுங்கள். நேரான குச்சியைத் தட்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சேர்த்துப் பிடித்துத் தூக்குநூலால் சாய்வைப் பார்த்தால் போதும். பெற்றோர் உடனில்லாமல் மாடியேற வேண்டா. தட்டை அசைக்கவும் வேண்டா. அன்று மாலை தொடர் பார்க்கும் தாய்மார்கள் என்னைத்தான் கேட்பார்கள்!

காலத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய வாரம் படியெழுத மட்டும். அதற்கு முந்திய இரண்டு வாரம் கணக்கும் வரைபடமும். அளவெடுப்பு விடுமுறையில். வாசிப்பும் கேள்வியும் இப்போதே. அளக்குமுன் எதிர்பார்க்கும் எண்ணை மையால் எழுதிவையுங்கள். அளந்த எண் மாறுபட்டால் அழிக்காதீர்கள். ஒற்றைக் கோடிட்டு நாளும் நேரமும் குறியுங்கள். 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட நம் ஆரியபட்டாவில் மின்வழங்கல் பழுதாகி, ஆய்வுக் கருவிகள் சில நாளிலேயே ஓய்ந்தன. அச்செய்தியை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். மாணவருக்கு மட்டும் மறைக்க என்ன இருக்கிறது?

ஊருக்குப் போகும் குடும்பத்தார் இன்றே பெயர் கொடுத்தால், ஊருக்கு ஒருவர், இங்கே ஒருவர் என்று இணை சேர்க்கலாம். தூக்குநூல் ஆறும் கோணமானி ஆறும் சங்க நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம்.