லண்டன் மந்திரச் சபையில் நம் ஐம்பூதங்கள்

தேவாரம், கோம்பை, போடி ஆகிய ஊர்ப் பக்கங்களில் மாந்திரீகம் என்று வாயெடுத்தாலே பேச்சு மலைக்கு அந்தப் பக்கம், மலையாள மாந்திரீகத்துக்குப் போய்விடும். இன்று நான் சொல்லப்போவது லண்டன் மாந்திரீகம். அதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு.

1888-இல் லண்டனில் 'கோல்டன் டான்' என்றொரு ரகசியச் சபை தொடங்கியது. பொன் விடியல் என்று சொல்லலாம். நிறுவியவர்களில் முக்கியமானவர்கள் வெஸ்ட்காட், மேதர்ஸ். கவிஞர் ஏட்ஸ் 1890-இல் சேர்ந்தார். புதிதாகச் சேருபவரின் கண்ணைக் கட்டி, இடுப்பில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, கறுப்பும் வெள்ளையுமான இரண்டு தூண்கள் நிற்கும் கூடத்துக்குள் அழைத்து வருவார்கள். சடங்குக்கு முன் நான்கு திசையிலும் வெறுங்காற்றில் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்து காவல் செய்வார்கள். நம் பூசையில் திக்குபந்தனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பூதங்களுக்கு உரிய சடங்குக் கருவிகளும் உண்டு: நெருப்புக்குக் கோல், நீருக்குக் கிண்ணம், காற்றுக்குக் குறுவாள், மண்ணுக்கு வட்டத் தகடு.

இவற்றோடு நம் நாட்டுச் சரக்கும் போய்ச் சேர்ந்தது. ராம பிரசாத் என்பவர் வடமொழியில் இருந்த மூச்சுச் சாத்திரத்தை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய நூல் 1890-இல் வெளிவந்தது. அதில் வரும் தத்துவ வடிவங்களைச் சபை எடுத்துக்கொண்டது. மஞ்சள் சதுரம் மண், வெள்ளிப் பிறை நீர், சிவப்பு முக்கோணம் தீ, நீல வட்டம் காற்று, கறுத்த முட்டை ஆகாயம். அட்டையில் வரைந்த வடிவத்தை நெடுநேரம் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு வெள்ளைத் தாளைப் பார்த்தால் அதே வடிவம் எதிர் நிறத்தில் மிதக்கும். அதைக் கதவாகப் பாவித்து, மனத்தால் உள்ளே நுழைவார்கள்.

இந்த வடிவங்கள் தமிழுக்குப் புதிதல்ல. சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான 'உண்மை விளக்கம்' இதைப் பேசுகிறது. திருவதிகை மனவாசகங்கடந்தார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நூல். மண் பொன்னிறச் சதுரம், நீர் வெள்ளைப் பிறை, தீ சிவந்த முக்கோணம். காற்றில்தான் கணக்கு மாறுகிறது: இங்கே அது கறுத்த அறுகோணம், வட்டம் ஆகாயத்துக்கு உரியது. உண்மை விளக்கத்தில் சீடன் கேட்கிறான், குரு சொல்கிறார். ஐம்பூதம் அங்கே முதற்படிதான். முப்பத்தாறு தத்துவங்களையும் அறிந்து, அவை எதுவும் நானல்ல என்று கடந்து போக வேண்டும். லண்டன்காரர்கள் முதற்படியிலேயே நின்று காட்சி தேடினார்கள் என்பது என் எண்ணம்.

அவர்களில் ஒருவர் மட்டும் மேலே ஏறினார். ஆலன் பென்னட். சபையில் பெரிய மந்திரக்காரர் என்று பெயர் எடுத்தவர், கடுமையான ஆஸ்துமாக்காரர். 1900-இல் இலங்கைக்கு வந்தார். அவருக்கு யோகம் கற்பித்தவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளின் சீடர். 1898-இலேயே மத்தேயு நற்செய்திக்கு யோக நோக்கில் உரை எழுதியவர். அவருடைய பிள்ளைகளுக்குப் பென்னட் பாடம் சொல்லிக்கொடுத்தார், தந்தையிடம் தான் பாடம் கேட்டார். பிறகு மந்திரக் கோலை விட்டுவிட்டு பர்மா போய், 1902-இல் ஆனந்த மெத்தேய்யா என்ற பௌத்த பிக்குவானார். 1908-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியது தம்மம் சொல்லத்தான்.

அவர் நண்பரும் அதே சபையில் இருந்தவருமான அலிஸ்டர் குரோலியும் 1901-இல் கண்டியில் அவரோடு தங்கி ஆசனமும் பிராணாயாமமும் பழகினார். அதன்பின் மதுரைக்கு வந்து, அரைத்துணி உடுத்து, திருவோடு ஏந்தி உட்கார்ந்திருந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கடைசிவரை மாந்திரீகத்தை விடவில்லை. அவரை விட அமைதியாக வாழ்ந்த பென்னட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நேயர்களே, செய்வினை என்று பயமுறுத்தி, கோணம் கீறிய தகட்டை நீட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் கோணங்களின் பொருள் தெரிய வேண்டுமானால் 'உண்மை விளக்கம்' வாங்கிப் படியுங்கள். சின்ன நூல்தான். புரியாத இடத்தை உங்கள் ஊர் ஓதுவாரிடம் கேளுங்கள்.