மகாலும் மண்மேடும்



சென்ற கோடை விடுமுறையில், தோணிரேவிலிருந்து குடும்பத்தோடு மதுரைக்குச் சென்று திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு வந்தோம். 1636-ஆம் ஆண்டில் எழுந்த மாளிகை அது. தூண் ஒன்றை என் பேரப்பிள்ளைகள் மூவரும் கைகோத்து அணைக்க முயன்றனர்; கைகள் எட்டவில்லை. செங்கல்லின்மேல் சுண்ணச் சாந்து பூசி மெருகேற்றிய தூண்கள் அவை. பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டெடுக்கும் சுண்ணாம்பை அறிந்த எங்களுக்கு அவ்வெண்மை அயலாகத் தோன்றவில்லை.

இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியே. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார் என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, எஞ்சியதைச் செப்பனிடச் செய்தார்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், இளைய பேரன் கூரிய கல்லொன்றால் தூணில் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். அவனுக்கு முன்பே பலர் கீறியிருந்தனர். கையைப் பற்றிக்கொண்டு கேட்டேன்:

"பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்திரியாக் கோட்டை எங்கே, தம்பி?"

"அங்கே மேடும் முட்புதருமல்லவா இருக்கின்றன, தாத்தா!"

"அம்மேட்டிலிருந்து செங்கல் பெயர்த்து விளையாட்டு வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன்" என்றேன்.

அவன் கல்லைக் கீழே போட்டான். அறுபது ஆண்டுகளுக்கு முன் என் கையைப் பற்ற ஒருவர் இருந்திருக்கலாகாதா என்று எண்ணினேன். உங்கள் தோழன் கையை நீங்கள் பற்றுங்கள்.