நோயுற்ற கோழிக்குத் தனிப் பஞ்சாரம்

(கிராமக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினால், 'சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம்' என்பதே நம்மில் பலருக்கு முதலில் எழும் எண்ணம். அக்கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு கோழியோடு நம் ஊருக்கே திரும்பியும் வருகிறது. உறுப்பினர்கள் இதைத் தத்தம் வார்டில் எடுத்துரைக்க வேண்டுகிறேன்.

நோய் கண்ட அன்றே அதனைப் பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில் அடையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாமென்று ஓர் இரவு தாமதித்து, வீட்டில் ஐந்து கோழிகளை இழந்தவன் நான். ஆதலால் அழுத்திச் சொல்லுகிறேன். குளிர்காற்றும் ஈரமும் தாக்காத இடத்தில் வைத்து, அடியில் உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள். தீனியைவிடத் தண்ணீரே முதலில் தேவை. சிறிது வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த நீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அலகைப் பிளந்து ஊற்றினால் நீர் மூச்சுக்குழலில் இறங்கிக் கோழி மாண்டுவிடக்கூடும். தானே விழுங்கத் தொடங்கிய பின்னர் நொய்க்கஞ்சி கொடுக்கலாம். நல்ல கோழிகளுக்குத் தீனியிட்ட பிறகே நோய்க்கோழியிடம் செல்லுங்கள். பின்பு சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகினால், அது பெரும்பாலும் இராணிக்கேட் என்னும் வெள்ளைக்கழிச்சல். அதனைத் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி போடுவதொன்றே வழி. உடனே கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்புங்கள். இறந்த கோழியைக் குளத்தில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

தடுப்பூசி போடும் நாளைத் தலைவர் அவர்கள் முன்னதாகவே அறிவித்தால், அன்று காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருக்கத் தாய்மார்களுக்கு வசதியாயிருக்கும்.