பதிவேட்டில் காட்ட வேண்டியதும் காக்க வேண்டியதும்

1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தில் உள்ள கோட்கிரானா என்னும் ஊரில் ஒரு மக்கள் விசாரணை நடைபெற்றது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு அதனைக் கூட்டியது. அங்கும், அதனைத் தொடர்ந்து பிற ஊர்களில் நடைபெற்ற விசாரணைகளிலும், பொதுப்பணிகளுக்கான மஸ்டர் ரோல்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. பின்னர் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு இவ்விசாரணைகள் வழிகோலின. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை எவரும் கேட்பதற்கு முன்னரே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு விதித்தது.

அந்த விசாரணைகளில் ஊராருக்குத் தேவைப்பட்டவை பெயர், வேலை செய்த நாட்கள், கூலித் தொகை ஆகிய மூன்றே. கூலியாளின் வங்கிக் கணக்கு எண்ணையோ அடையாள எண்ணையோ எவரும் கேட்கவில்லை. பொது அலுவலகங்கள் தம்மை நாடி வருவோரின் விவரங்களை எவ்வாறு கையாள வேண்டும் என்ற வினாவுக்கான விடையின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

காகிதப் பதிவேட்டின் காலத்தில் இவ்வேறுபாட்டை எவரும் ஆராய நேரவில்லை. பதிவேடு அலமாரியில் இருந்தது. அதனைப் பார்க்க விரும்பியவர் அலுவலகத்திற்கு நடந்து சென்று, எழுத்தரிடம் கேட்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. அச்சிரமம் ஊழலுக்குத் திரையாக இருந்தது உண்மை; அதுவே ஏழையின் சொந்த விவரங்களுக்குக் காவலாகவும் இருந்தது. தேசியத் தகவலியல் மையம் 1976இல் தோன்றிய பின் கணிப்பொறி படிப்படியாக மாவட்ட அலுவலகங்களை அடைந்தது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. ஓய்வூதியம், உணவு தானியம், கூலி என்று தனித்தனியே கிடந்த பட்டியல்களை இணைக்க ஒரே திறவுகோல் அதன்பின் கிடைத்தது. திரையும் காவலும் ஒருங்கே விலகின.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்வது தகும். 2017 ஏப்ரலில் அம்மாநிலத்தின் சமூகப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில், முதியோர் ஓய்வூதியம் பெறும் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை எவரும் காணும்படி கிடந்தன. கள்வர் எவரும் பூட்டை உடைக்கவில்லை. தொகுப்பில் இருந்த அத்தனை கட்டங்களும் அப்படியே பொதுமக்கள் காணும் பக்கத்திற்கு வந்துவிட்டன. எந்தக் கட்டம் எதற்கு என்று பிரித்துப் பார்க்கப்படவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடலாகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 29ஆம் பிரிவில் அப்போதே கூறியிருந்தது. இது ஓர் அலுவலகத்தின் கவனக்குறைவு மட்டுமன்று. மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்களில் பயனாளிகளின் ஆதார் எண்கள் காணப்பட்டதாக, தகவல் உரிமை மனு ஒன்றுக்கு அளித்த விடையில் ஆதார் ஆணையமே அதே ஆண்டு தெரிவித்தது. கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுமைக்கும் வழங்கப்பட்ட எண்ணை அவ்வாறு மாற்றுவதற்கில்லை.

ஒரு நோக்கத்திற்காகப் பெற்றதை வேறொன்றுக்குத் தரலாகாது என்ற நெறி அலுவலர்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவில், கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவுகளை எவரும் பார்வையிட இயலாது என்று அறுதியிட்டது. கேட்ட வினாவுக்கு அஞ்சாமல் விடை தரும் நிலை குடிமகனுக்கு இருந்தால்தான் கணக்கு மெய்யாகும் என்பது அதன் காரணம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது இந்நெறி அரசியலமைப்பின் பலத்தைப் பெற்றது. அரசு அவ்வுரிமையில் தலையிட வேண்டுமாயின் சட்டம் வேண்டும். முறையான நோக்கம் வேண்டும். தலையீடு அந்நோக்கத்திற்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும்.

இப்போது எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து தோன்றியுள்ளது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்தியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று படிக்கத்தக்க வகையில் அப்பிரிவு சுருங்கிவிட்டது. கோட்கிரானாவில் படிக்கப்பட்ட பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று நாளை ஓர் அலுவலர் எழுதுவாராயின், போலிக் கூலிப்பட்டியல் மீண்டும் அலமாரிக்குள் புகுந்துவிடும். இவ்வாறு எழுதுவது பிழை. பயனாளிகள் விவரத்தை வெளியிடச் சொல்லும் 4ஆம் பிரிவு நீக்கப்படவில்லை. பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவல் தர அனுமதிக்கும் 8(2) பிரிவும் அப்படியே நிற்கிறது. ஆதார் எண்ணை மறைப்பதற்கும் பெயரை மறைப்பதற்கும் ஒரே சட்டத்தைக் காட்டுவது, பெரும்பாலும், பெயரை மறைக்க விரும்புவோருக்கே வசதி.

வெளியிடுவது, மறைப்பது என்னும் இரண்டோடு பொறுப்பு முடிவதில்லை. விவரம் தவறாக இருந்தால் என் செய்வது? தெலங்கானாவில் 2014க்கும் 2019க்கும் இடையே 18 லட்சத்திற்கும் அதிகமான உணவுப் பாதுகாப்பு அட்டைகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. பல துறைகளின் பட்டியல்களைக் கணிப்பொறி கொண்டு ஒப்பிட்டுத் தகுதியற்றோரைக் கண்டறியும் முறை அங்குப் பயன்படுத்தப்பட்டது. பெயர் ஒற்றுமை கொண்ட இருவரை அத்தகைய பொறி ஒருவராகக் கொள்ளக்கூடும். ஒருவனது வாகனம் மற்றொருவனது அரிசியைப் பறிக்கும். நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்குமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. நீக்குவதற்கு முன் நடக்க வேண்டிய கள விசாரணை, ஆண்டுகள் பல கழித்து நீதிமன்றம் சொல்லி நடக்க வேண்டியதாயிற்று. பழைய முறையில் பெயரை அடித்த எழுத்தரிடமேனும் சென்று காரணம் கேட்க இயன்றது.

தம்மைப் பற்றிய விவரத்தைக் காணவும் திருத்தவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. அக்காலத்திற்குள் ஒவ்வொரு துறையும் தன் விண்ணப்பப் படிவத்தைக் கட்டம் கட்டமாக எடுத்துப் பார்த்து, எது கேட்கப்பட வேண்டியதே இல்லை, எது அலுவலகத்திற்குள் நிற்க வேண்டும், எது ஊர்ச்சுவரில் எழுதப்பட வேண்டும் என்று குறித்து வைக்கலாம். அலுவலரின் கடவுச்சொல்லை ஒப்பந்தத் தட்டச்சர்கள் நால்வர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்துவதற்கோ, எந்தச் சட்டத்திற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.